மின்சக்கர நாற்காலியும் மெடிகேர் காப்பீடும்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

சென்ற பருவத்தில் ஒருநாள் நேர்மின்னோட்ட மோட்டார் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்த எங்கள் பேராசிரியர் அவர்கள், "இம்மோட்டார் எங்கெல்லாம் பயன்படுகிறது?" என்று வினவினார்கள். பொம்மைக் கார் என்றான் ஒருவன். மழையில் கண்ணாடி துடைக்கும் வைப்பர் என்றாள் ஒரு தோழி. கடைசி வரிசையிலிருந்து நான், "சக்கர நாற்காலி, ஐயா" என்றேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது.

எனக்கு அந்த நினைவு வந்ததற்குக் காரணம் என் பெரியப்பா. நுங்கு வெட்டப் பனை ஏறியவர், மட்டை முறிந்து கீழே விழுந்தார். முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. கையால் தள்ளும் சக்கர நாற்காலி ஒன்றில்தான் அவர் வாழ்க்கை இப்போது ஓடுகிறது. அண்ணன் மகனின் செல்பேசியில் அமெரிக்கக் கிழவி ஒருத்தி விரல் நுனியால் ஒரு குமிழைத் தொட்டு நாற்காலியை ஓட்டிக்கொண்டு சாலையைக் கடப்பதைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "ஏன்டா தம்பி, அந்த ஊர்ல இதையெல்லாம் கவருமெண்டே வாங்கிக் குடுக்குதாமே, நெசமா?"

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே ரேஷன் அட்டை விண்ணப்பம் முதல் அமெரிக்க அரசாங்கம் வரை எல்லாக் கேள்விகளும் என்னிடமே வந்து சேரும். தெரியாது என்று சொல்ல மனம் வரவில்லை. தேடிப் படித்தேன். படித்ததை நண்பர்களோடும் ஆசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாற்காலி ஓடும் விதம்

முதலில் பொருளைப் பார்ப்போம். இரண்டாம் உலகப் போரில் முதுகுத்தண்டு சேதமுற்றுத் திரும்பிய வீரர்கள் பலருக்குக் கைகளிலும் வலுவில்லை. அவர்களுக்காகக் கனடா நாட்டுத் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் ஜார்ஜ் கிளைன் என்ற பொறியியலாளர் தம் குழுவினருடன் மின்சாரத்தால் ஓடும் நாற்காலியை உருவாக்கினார். 1956-இல் எவரெஸ்ட் அண்டு ஜென்னிங்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி இத்தகைய நாற்காலிகளைப் பெருமளவில் செய்து விற்கத் தொடங்கியது.

இதன் அமைப்பு நம் ஆய்வகத்துக்கு அந்நியமானதன்று. பெரும்பாலும் 12 வோல்ட் மின்கலங்கள் இரண்டு தொடரிணைப்பில் இருக்கும். ஆக 24 வோல்ட். இடச் சக்கரத்துக்கு ஒரு மோட்டார், வலச் சக்கரத்துக்கு ஒரு மோட்டார். ஸ்டீயரிங் கிடையாது! இரு மோட்டார்களின் வேகத்தையும் வேறுபடுத்தினால் போதும், நாற்காலி திரும்பிவிடும். ஜாய்ஸ்டிக் என்னும் குமிழ் செய்யும் வேலை அதுதான். எனக்கு மிகவும் பிடித்தது இதன் பிரேக். சாதாரணமாக நாம் நினைப்பதற்கு நேர்மாறாக, மின்சாரம் பாயும்போது பிரேக் விடுபடும். மின்சாரம் நின்றால் பிடித்துக்கொள்ளும். சரிவில் போகும்போது மின்கலம் தீர்ந்தாலும் நாற்காலி உருண்டோடாது.

மெடிகேர் என்பது யாது?

அமெரிக்காவில் முதியோர்க்கான அரசு மருத்துவக் காப்பீட்டின் பெயர் மெடிகேர். 1965-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன், மிசௌரி மாநிலத்து இன்டிபெண்டன்ஸ் நகரில் அச்சட்டத்தில் கையொப்பமிட்டார். அவ்வூர்தான் முன்னாள் ஜனாதிபதி ட்ரூமனின் ஊர். முதல் அட்டையும் அவருக்கே வழங்கப்பட்டது. ஊரின் பெயருக்குச் "சுதந்திரம்" என்று பொருள். அந்தப் பெயர் பின்னால் மீண்டும் நம் நினைவுக்கு வரும்.

தொடக்கத்தில் 65 வயது நிரம்பியோர்க்கே இக்காப்பீடு கிட்டியது. 1972-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம், வயது குறைந்த ஊனமுற்றோரையும் சேர்த்துக்கொண்டது. ஆனால் ஒரு நிபந்தனை: ஊனமுற்றோர்க்கான உதவித்தொகையை 24 மாதங்கள் பெற்ற பிறகே அட்டை கைக்கு வரும். முதுகெலும்பு முறிந்தவன் இரண்டாண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டும்! ஏ.எல்.எஸ். என்னும் நரம்பு நோய் கண்டவர்களுக்கு மட்டும் 2001 முதல் அந்த 24 மாதக் காத்திருப்பு நீக்கப்பட்டது. இயற்பியல் மாணவர் அனைவரும் அறிந்த ஸ்டீபன் ஹாக்கிங் அவர்களைப் பற்றிய நோய் இதுவே. (அவர் பிரிட்டனைச் சேர்ந்தவராகையால் அவர் கதை வேறு.)

மெடிகேரில் ஏ பகுதி மருத்துவமனைச் செலவுக்கு, பி பகுதி டாக்டர் செலவுக்கும் கருவிகளுக்கும். பி பகுதிக்கு மாதந்தோறும் சந்தா கட்ட வேண்டும். 2025-இல் அது பொதுவாக 185 டாலர். சக்கர நாற்காலி இந்தப் பி பகுதியில், "நீடித்துழைக்கும் மருத்துவக் கருவி" என்ற தலைப்பின்கீழ் வருகிறது. திரும்பத் திரும்பப் பயன்படுத்தத் தக்கதாக இருக்க வேண்டும். மருத்துவத் தேவைக்கே உரியதாக இருக்க வேண்டும். நோயில்லாதவனுக்குப் பயன்படாததாக இருக்க வேண்டும். வீட்டில் பயன்படுத்தத் தக்கதாகவும் இருக்க வேண்டும். இதுதான் இலக்கணம்.

கடைசியில் வரும் "வீட்டில்" என்ற சொல்லைச் சற்றே அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். முழுப் பிரச்சினையும் அதற்குள்தான் இருக்கிறது.

யாருக்குக் கிடைக்கும்?

2005-க்கு முன்பு, படுக்கையோடோ நாற்காலியோடோ முடங்கிக் கிடப்பவரா என்றுதான் பார்த்தார்கள். நான்கு அடி நடந்து காட்டினால் வம்பு! அவ்வாண்டு மே மாதம் புதிய விதி வந்தது. அது நோயின் பெயரைக் கேட்பதில்லை. அன்றாட வேலைகளைக் கேட்கிறது. கழிப்பறைக்குச் செல்லுதல், உண்ணுதல், உடுத்துதல், குளித்தல், தலைவாரி முகம் கழுவுதல் முதலியவற்றை வீட்டில் அவை வழக்கமாக நடக்கும் இடத்துக்குச் சென்று செய்ய முடிகிறதா? முடியவில்லை, அல்லது ஆபத்தின்றி முடியவில்லை, அல்லது நியாயமான நேரத்தில் முடியவில்லை என்றால் விண்ணப்பம் அடுத்த படிக்கு நகரும்.

அடுத்த படி, கைத்தடியோ வாக்கரோ போதுமா என்பது. போதும் என்றால் அத்தோடு சரி. போதாது என்றால், கையால் தள்ளும் நாற்காலியை அவரே தள்ளிக்கொண்டு போக முடியுமா? முடியும் என்றால் அதுவே வழங்கப்படும். முடியாவிட்டால், மூன்று அல்லது நான்கு சக்கர ஸ்கூட்டர் போன்ற வண்டி. அதில் ஏறி இறங்கவோ, சாயாமல் உட்காரவோ, அதன் கைப்பிடியைத் திருப்பவோ முடியாதவருக்கே, அல்லது அது வீட்டுக்குள் திரும்ப இடமில்லாதவருக்கே, மின்சக்கர நாற்காலி. மலிவான வழி முதலில், விலையுயர்ந்த வழி கடைசியில். ஓட்டும் அறிவுத்தெளிவும் உடல் திறனும் அவருக்கு இருக்க வேண்டும். இல்லையேல், கைநாற்காலியைத் தள்ள வலுவில்லாத, ஆனால் மின்நாற்காலியை இயக்கத்தக்க துணையாள் ஒருவர் இருக்க வேண்டும். வீட்டின் கதவு அகலத்தையும் அறைகளின் இடைவெளியையும் நாற்காலி வழங்கும் கம்பெனி நேரில் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும்.

இவ்வளவுக்கும் சான்று வேண்டும். டாக்டர் நோயாளியை நேருக்கு நேர் பரிசோதித்திருக்க வேண்டும். அப்பரிசோதனை நடந்து ஆறு மாதத்துக்குள் மருந்துச் சீட்டைப் போன்ற எழுத்து ஆணை பிறக்க வேண்டும். முதுகைச் சாய்க்கும் அமைப்பு முதலியவை கொண்ட சிக்கலான நாற்காலிகளுக்கு உடலியக்க மருத்துவ வல்லுநர் ஒருவரின் தனி அறிக்கையும் தேவை. அவருக்கும் நாற்காலிக் கம்பெனிக்கும் பணத்தொடர்பு இருக்கக் கூடாது.

ஏன் இவ்வளவு கெடுபிடி?

படிக்கும்போது எனக்கும் சலிப்பாகத்தான் இருந்தது. ஆனால் இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1999 முதல் 2003 வரையிலான நான்கே ஆண்டுகளில் மெடிகேர் மின்சக்கர நாற்காலிகளுக்குச் செலவிட்ட தொகை நான்கு மடங்குக்கும் மேலாகப் பெருகியது. டெக்சாஸ் மாநிலத்தில் ஹூஸ்டன் நகரம் அடங்கிய ஹாரிஸ் கவுண்டியில், ஒரே ஆண்டில் நாற்காலிகளின் எண்ணிக்கை ஏறத்தாழப் பத்து மடங்காயிற்று. அத்தனை பேருக்கா திடீரென்று கால் விளங்காமல் போயிற்று? இல்லை. நடக்கத் தெரிந்தவர்களின் பெயரில் பில் போட்டார்கள். நாற்காலி கொடுக்காமலேயே பில் போட்டார்கள். மலிவான ஸ்கூட்டரைக் கொடுத்துவிட்டு நாற்காலிக்குப் பணம் வாங்கியவர்களும் உண்டு. 2003-இல் "வீலர் டீலர்" என்ற பெயரில் அரசு நடவடிக்கை எடுத்தது. 2012 செப்டம்பரில் ஏழு மாநிலங்களில், நாற்காலி கொடுக்குமுன்பே அனுமதி பெறும் முறை சோதனையாகத் தொடங்கிப் பின்னர் நாடு முழுதும் பல வகை நாற்காலிகளுக்கும் விரிந்தது.

திருடினவன் யாரோ, வரிசையில் நின்று காகிதம் சுமப்பவன் நடக்க முடியாதவன். இதைச் சொன்னபோது பெரியப்பா சிரித்தார்: "அங்கயும் அப்படித்தானா?"

பணம் யார் கட்டுவது?

இலவசம் என்று பெரியப்பா கேள்விப்பட்டது பாதிதான் சரி. ஆண்டின் தொடக்கத்தில் ஒரு குறிப்பிட்ட தொகையை (2025-இல் 257 டாலர்) பயனாளி தம் கையிலிருந்தே செலவிட வேண்டும். அதன்பின் மெடிகேர் ஒப்புக்கொண்ட விலையில் நூற்றுக்கு 80 பங்கு அரசு, 20 பங்கு பயனாளி.

அதையும் மொத்தமாகக் கொடுப்பதில்லை. 2011-ஆம் ஆண்டு முதல் சாதாரண மின்நாற்காலிகள் வாடகைக்கே தரப்படுகின்றன. முதல் மூன்று மாதம் விலையில் மாதம் 15 விழுக்காடு. அடுத்த பத்து மாதம் 6 விழுக்காடு. பதின்மூன்று மாதம் தொடர்ந்து வாடகை சென்றபின் நாற்காலி பயனாளிக்கே சொந்தம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒப்புக்கொண்ட விலை 5,000 டாலர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், முதல் மூன்று மாதம் 750 வீதம் 2,250. பிறகு 300 வீதம் 3,000. ஆகக் கூடுதல் 5,250 டாலர். பயனாளியின் பங்கு 1,050. முதலில் மாதம் 150, பிறகு மாதம் 60. விலையைவிட 250 டாலர் அதிகம் போகிறதே என்று கேட்கலாம். நோயாளி இடையில் இறந்தாலோ, குணமடைந்தாலோ, மருத்துவமனையில் தங்கிவிட்டாலோ வாடகை நின்றுவிடும். அந்த வகையில் அரசுக்கு இலாபம். மிகச் சிக்கலான நாற்காலிகளை மட்டும் முதல் மாதத்திலேயே விலைக்கு வாங்கிக்கொள்ள வழியுண்டு. பொதுவாக ஒரு நாற்காலியின் ஆயுள் ஐந்தாண்டு என்று கொள்ளப்படுகிறது. அதற்குமுன் தேய்ந்துவிட்டால் பழுதுபார்க்கத்தான் பணம், புதியது கிடையாது.

பழுது என்றதும் ஒன்று. கம்பெனிக்காரர் தவிர வேறு யாரும் தொட முடியாதபடி பூட்டிவைத்த நாற்காலிகள் பழுதானால், உரியவர் வாரக்கணக்கில் படுக்கையில் கிடக்க நேரிடும். அதனால் 2022-இல் கொலராடோ மாநிலம், உதிரிப் பாகங்களையும் பழுதுபார்க்கும் விவரங்களையும் உரியவர்க்குத் தந்தாக வேண்டும் என்று சட்டமே இயற்றியது. நம் ஊர் மெக்கானிக் கேட்டால் வியப்பார்.

விண்ணப்பம் தள்ளுபடியானால் மேல்முறையீடு செய்யலாம். அதற்கு ஐந்து படிகள். முதற்படிக்கு 120 நாள் கெடு. ஐந்தாவது படி கூட்டரசின் நீதிமன்றமே.

நான்கு சுவர்களுக்குள்

இனி, அடிக்கோடிட்ட சொல்லுக்கு வருவோம். நாற்காலியின் தேவை வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது மெடிகேரின் விதி. வீட்டுக்குள் சமாளித்துக்கொள்கிறேன், ஆனால் கடைக்கும் கோயிலுக்கும் போக முடியவில்லை என்பவருக்கு மின்நாற்காலி இல்லை. வீட்டுத் தேவைக்கென வாங்கியதை வெளியே ஓட்டிச் செல்வதை யாரும் தடுப்பதில்லை. ஆனால் வெளியே செல்வதற்கென்று கேட்டால் கிடைக்காது.

நாற்காலிகளைத் தரம் பிரித்திருக்கும் விதத்திலேயே இது தெரியும். இரண்டாம் வகை நாற்காலி மணிக்கு 3 மைல் வேகமும், ஒரு முறை மின்னேற்றினால் 7 மைல் தூரமும், 40 மில்லிமீட்டர் உயரத் தடையைத் தாண்டும் வலுவும் குறைந்த அளவாகக் கொண்டிருக்க வேண்டும். மூன்றாம் வகைக்கு நாலரை மைல் வேகம், 12 மைல் தூரம், 60 மில்லிமீட்டர் தடை. நரம்பு நோய், தசை நோய், பிறவி எலும்புக் கோணல் உடையவர்க்கே இது. நான்காம் வகையோ 6 மைல் வேகம், 16 மைல் தூரம், 75 மில்லிமீட்டர் தடை. கரடுமுரடான பாதைக்கு ஏற்ற நாற்காலி! ஆனால் வீட்டுக்குள் இத்தனை திறன் தேவையில்லை என்ற காரணத்தாலேயே மெடிகேர் அதை மறுக்கிறது.

எட் ராபர்ட்ஸ் என்பவரின் வரலாற்றை இங்கே சொல்லாமலிருக்க முடியவில்லை. 1953-இல், பதினான்கு வயதில், போலியோ அவரைக் கழுத்துக்குக் கீழே முடக்கியது. இரவில் மூச்சுவிட இரும்பு நுரையீரல் என்னும் பெட்டி வேண்டும். 1962-இல் அவர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் சேர்ந்தார். இவரால் எந்த வேலையும் பார்க்க முடியாது என்று சொல்லி உதவித்தொகை தர மறுத்தது மாநில மறுவாழ்வுத் துறை, போராடித்தான் பெற்றார். பின்னாளில் அதே துறைக்கு அவரே இயக்குநரானார். மின்நாற்காலியில் தெருவில் இறங்கிய அவரும் நண்பர்களும் 1972-இல் பெர்க்லியில் தற்சார்பு வாழ்க்கைக்கான நிலையம் ஒன்றைத் தொடங்கினர். அவர் வீட்டுக்குள் மட்டும் ஓட்டியிருந்தால் இதில் எது நடந்திருக்கும்?

இன்னொரு வேடிக்கை. அதே அமெரிக்காவில் ஏழைகளுக்கென்று மெடிகெய்டு என்ற வேறொரு காப்பீடு உண்டு. கூட்டரசும் மாநிலங்களும் சேர்ந்து நடத்துவது. 2016-ஆம் ஆண்டு விதி ஒன்று, இயல்பான வாழ்க்கை நடக்கும் எவ்விடத்துக்கும் ஏற்ற கருவியை மெடிகெய்டு தர வேண்டும், வீட்டுக்குள் என்று சுருக்கக் கூடாது என்று கூறியது. ஆக, ஏழையின் அட்டை தெருவுக்கு வழிவிடுகிறது. வாழ்நாள் முழுதும் உழைத்து வரி கட்டியவரின் அட்டை வாசற்படியில் நின்றுவிடுகிறது! மெடிகேரின் விதி சட்ட வாசகத்திலேயே வேரூன்றியிருப்பதால் அதிகாரிகள் அசைக்கத் தயங்குகிறார்கள். எனினும் முழுதும் அசையாமலில்லை. இருக்கையை மேலே உயர்த்தும் மின்னமைப்பை நெடுங்காலம் மருத்துவத் தேவையன்று என ஒதுக்கிவந்தவர்கள், ஊனமுற்றோர் விடாது முறையிட்டதன் பயனாக 2023 மே மாதம் அதை ஏற்றுக்கொண்டனர். கட்டிலுக்கும் நாற்காலிக்கும் மாறி உட்காரவும், அலமாரியில் இருப்பதை எட்டி எடுக்கவும் அது எவ்வளவு உதவும் என்பதை, கீழிருந்தே உலகைப் பார்ப்பவரைக் கேட்டால் சொல்வார்.

பெரியப்பாவுக்குச் சொன்ன விடை

விடுமுறையில் ஊருக்குப் போனபோது இவற்றையெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து விளக்கினேன். வீட்டு வாசற்படியை என் அளவுகோலால் அளந்தேன், 110 மில்லிமீட்டர். அந்த நான்காம் வகை நாற்காலியே வந்தாலும் 75-ஐத் தாண்டினால் போதும் என்ற கணக்கில் செய்தது. பலகை சரித்துப் போட்டால்தான் ஏறும். அதற்கும் அப்பால் எங்கள் தெரு மணல்.

"சரி, நான் அந்த ஊர்க்காரனா இருந்தா எனக்குக் குடுப்பாங்களா?" என்றார்.

நான் விதிப்படி யோசித்தேன். அவர் மரமேறியவர்; கைகள் இன்றும் உலக்கை போலிருக்கின்றன. கைநாற்காலியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குள் அடுப்படிக்கும் குளியலறைக்கும் தாமே போய்வருகிறார். டீக்கடைக்குத்தான் போக முடியவில்லை. மூன்றாவது படியிலேயே விண்ணப்பம் நின்றுவிடும். "குடுக்க மாட்டாங்க பெரியப்பா. வீட்டுக்குள்ள கையால தள்ள முடியுதுல்ல? கை பலமில்லாம இருக்கணும், இல்லன்னா தோள் மூட்டு வலி இருக்கணும். வலியையும் கணக்குல எடுத்துக்குவாங்க" என்றேன்.

அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு வலத்தோளை இடக்கையால் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அது நாலு வருசமா வலிக்குதுடா. யாரும் கேக்கல, நானும் சொல்லல."